மீன்பெட்டியோடு ஏழரை பஸ்ஸில்

இஞ்சாருங்கோ,

நீங்கள் கடலால வரேக்க நான் வீட்டில இருக்கமாட்டன். இண்டைக்குக் கால் கிளினிக். மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏழரை பஸ்ஸில தனியப் போறன். கோவத்தில போகேல்லை. சரி, கொஞ்சம் கோவம் இருக்கு.

போன மாதம் என்னைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கி பஸ்ஸில ஏத்தினீங்கள். அன்பிலதான் செய்தீங்கள், தெரியும். ஆனால் எங்கட தோட்டவெளி ஊர்ச் சனம் முழுக்க யன்னலால பார்த்தது. நேற்றும் "நான் தூக்காட்டி நீ எப்பிடி ஏறுவாய்?" எண்டு கேட்டீங்கள்.

இப்பிடித்தான் ஏறுவன். உங்கட சின்ன மீன்பெட்டியைக் கழுவிக் கயிறு கட்டியிருக்கிறன். பஸ் வாசலுக்குக் கீழ நிலத்தில அதைக் கவிழ்த்து வைச்சு, கைப்பொல்லை ஊண்டி, நல்ல காலை முதல் வைச்சு ஏறுவன். உள்ளுக்குப் போனாப்பிறகு கயிற்றை இழுத்தால் பெட்டியும் வந்திடும். மூண்டு நாளாய் நீங்கள் இல்லாத நேரம் குசினிப் படியில பழகினனான். ஒருக்காலும் விழேல்லை. மீன் மணம் இன்னும் போகேல்லைத்தான். கொண்டக்டர் மூக்கைச் சுளிச்சால் சுளிக்கட்டும்.

புட்டும் சூடைமீன் சொதியும் மூடி வைச்சிருக்கு. ஈர வலையைக் கதிரையில போடாதேங்கோ.

ஜெசிந்தா

கிளினிக் கொப்பி எடுத்திட்டன், தேடாதேங்கோ.

இன்னொண்டு, இடமில்லாமல் ஓரத்தில எழுதுறன். பன்னிரண்டு மணி பஸ்ஸில திரும்பி வருவன். சந்தியில வந்து நில்லுங்கோ. என்னைத் தூக்கிறதுக்கில்லை. நான் இறங்கினாப்பிறகு பெட்டியைத் தூக்கிறதுக்கு.