முருகேசன் வண்டிச் சிலிண்டர்

ஐப்பசி 17, திங்கள்
காலையிலிருந்து தூறல். அடுப்படி முழுக்க எஞ்சின். அக்கா மகன் முருகேசனின் டூ-ஸ்ட்ரோக் வண்டி போடிமெட்டு ஏறும்போது இழுப்புக்காரன் மாதிரி மூச்சு வாங்குதாம். ஏலக்காய் ஸ்டோர் வேலைக்குத் தினமும் அதில்தான் போறான்.
"மாமா, வெரசா முடிங்க. ரெண்டு நாளா ஜீப்புல தொங்கிட்டுப் போறேன்."
நான் யார்! அந்த மலையையே அரத்தால் ராவி மட்டமாக்கியிருப்பேன். அரசாங்கம் கேட்கலை.
முடிந்தது: எஞ்சின் கேஸ் வாயில் கேஸ்கட்டை வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோடு வரை ராவல். சிலிண்டரில் புகை போகும் துவாரத்தை அரை நூல் அகட்டல்.
பாக்கி: துவாரத்து ஓரம் மழுக்கணும். இல்லாட்டி பிஸ்டன் ரிங்கு அதில் மாட்டும்.
வீட்டுக்காரி: "சாம்பாரு நறநறங்குது." இரும்புச்சத்து என்றேன்.

18, செவ்வாய்
மழை விட்டது. முருகேசன் மதியமே வந்து நின்றான். வேடிக்கைக்கு ஆறு பேர். என் கைராசி பற்றிப் பேருரை ஆற்றிக்கொண்டே மாட்டி முடித்தேன். முதல் உதையிலேயே சத்தம்! போடி நாய்கள் மொத்தமும் தேனிக்குக் குடிபெயர்ந்தன.
"வண்டியா மாமா இது, ராக்கெட்டு!"

20, வியாழன்
மலைமேல் மேகம். பத்து மணிக்குப் போன். கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் இறுகிப் பிடித்து, பின்சக்கரம் நின்றுபோச்சாம். பின்னால் லோடு ஜீப்பு. வலது கால். மதுரைக்குக் கொண்டுபோயிட்டாங்க.
பஸ்சில் திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். பாக்கி என்று எழுதியது பாக்கியாகவே இருக்கு.

21, வெள்ளி
முழங்காலுக்குக் கீழே எடுத்தாச்சு. அக்கா அழலை. முருகேசன் அவளிடம், "பெட்ரோல்ல எண்ணெய் கம்மியாக் கலந்துட்டேம்மா. என் தப்புதேன். மாமா வேலை சுத்தம்."
பக்கத்தில்தான் நின்றேன். ஊரையே பேசித் தீர்த்த வாய். திறக்கலை.

22, சனி
வண்டியை ஜீப்பில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். பிரித்தேன். உள்ளே எண்ணெய் தாராளம். ரிங்கு ஒடிந்து துவாரத்து ஓரத்தில் கொக்கி மாதிரி நிற்குது. ஒடிந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கிட்டேன்.

24, திங்கள்
மதுரை. வெயில். அக்காவும் இருக்கும்போதே முருகேசனிடம் சொன்னேன். எண்ணெய் சரியா இருந்துச்சு. ஓரம் மழுக்காம மாட்டினது நான். கூட்டலை, குறைக்கலை.
அக்கா எழுந்து வெளியே போனாள்.
ரிங்குத் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தேன். நகக்கீற்று அளவு. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இம்புட்டூண்டுதானா மாமா?"