இந்த வருஷம் விருந்து கீழே

புரட்டாசி 24, திங்கள்

காலையில் தூறல். கையால் சுற்றி ஓட்டும் என் மூன்று சக்கர வண்டியின் கைப்பிடி வழுக்கி வழியெல்லாம் எரிச்சல். ஆனால் நல்ல நாள். பனியன் செக்கிங் கொட்டகைக்கு முதலாளியே வந்தார்.

"ருக்கு, இந்தத் தடவ ஆயுத பூசை ஏற்பாடெல்லாம் நீயே பாத்துக்கோ கண்ணு."

"அப்ப விருந்து கீழதானுங்க."

தலையைச் சொறிந்தார். சரி என்றார்!

எப்போதும் பூஜை மிஷின் ஹாலில், மூன்று படி ஏறி. விருந்து மொட்டை மாடியில். நடக்க முடியாத எனக்கு இலை மட்டும் கொட்டகைக்கு வரும். ஒரு வருஷம் நாலு பேர் துணி மூட்டையைப் போல என்னை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். சேலை விலகி, ஒரே வெட்கம். அதோடு வேண்டாம் என்றுவிட்டேன்.

புரட்டாசி 25, செவ்வாய்

வெயில். மிஷின் பிட்டர் மாறப்பன் ஹால் படிமேல் பலகை போட்டுச் சரிவு செய்தான். ஏறினேன், பாதியில் வண்டி பின்னால் உருண்டது. "பழனி மலையா ஏறச் சொல்ற?" என்று திட்டினேன். நீளப் பலகை மாற்றினான். இப்போது சுகம்.

பாக்கி: பூசணிக்காய், பொரி, மாவிலை. செக்கிங் மேஜைகளை முற்றத்தில் போட வேண்டும், எல்லோருக்கும் மேஜைச் சாப்பாடு. நடுவில் என் வண்டிக்கு இடம்.

பொன்னுசாமி அண்ணன். மிஷின் இரைச்சலில் காது போனவர். மணி கேட்காமல், தீபாராதனை முடிந்த பிறகும் கண்ணை மூடி நிற்பார். மணி அடிக்கும்போது பல்பை அணைத்து அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

புரட்டாசி 27, ஆ. பூஜை

நேற்று எழுத நேரமில்லை. இன்று எழுதாமல் தூக்கம் வராது.

நானே வண்டி ஓட்டி ஹாலுக்குள் போனேன். பெஞ்சில் இறங்கி, கத்தரிகளுக்குச் சந்தனம் வைத்தேன். மணி அடித்தது, பல்பு மின்னியது. பொன்னுசாமி அண்ணன் சரியான நேரத்தில் கும்பிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் என் வண்டி மாலையும் பொட்டுமாகத் தையல் மிஷின் வரிசையில்! "நம்ம வண்டிக்கும் பூசை போட்டாச்சுங்கக்கா" என்றான் மாறப்பன், வாயெல்லாம் பல்.

பூஜையில் வைத்ததை நாளை மறுபூஜை வரை தொடக்கூடாது. அது அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. முற்றத்தில் இலை போட்டாயிற்று. நான் பெஞ்சில்.

"தூக்கீட்டுப் போயரலாமுங்க" என்றது ஒரு குரல்.

"கைய வெச்சுப் பாருங்க!" கத்திவிட்டேன். நல்ல நாளில் கத்தக்கூடாதுதான்.

முதலாளி பாவம், கையைப் பிசைந்தார். "சாமிக்கு வெச்சத எப்படி கண்ணு எடுக்கறது? இலைய இங்கயே கொண்டாரச் சொல்றேன்."

மறுபடியும் இலை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜன்னல் வழியே அவர் கார் தெரிந்தது, அதுவும் மாலையோடு.

"ஏனுங்க, உங்க காருக்கும் பூசை போட்டாச்சு. நாளைக்கு வரைக்கும் நடந்துதான் போவீங்களா?"

"கார் வேற கண்ணு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஓட்டீட்டா..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்ற வண்டிக்கும் சக்கரம் இருக்குதுங்க."

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டி, தாம்பாளத்திலிருந்து மூன்று பழம் எடுத்து, தானே குனிந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். நான் ஏறி உட்கார்ந்து கைப்பிடியை ஓங்கி ஒரு சுற்று. மூன்றும் நசுங்கின. சரிவில் இறங்கினேன், முற்றமே கை தட்டியது. முதல் பந்தி, நடு இடம். பாயசம் இரண்டு தடவை வாங்கினேன்.

புரட்டாசி 28, விஜயதசமி

வெயில். கை வலி. முதலாளி கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார், சரிவு இனி சிமெண்டில். அடுத்த வருஷமும் நான்தானாம்.

சக்கரத்தில் எலுமிச்சை விதை காய்ந்து ஒட்டியிருக்கிறது. அம்மா ஈரத்துணியோடு வந்தாள்.

"பூசை போட்ட வண்டியம்மா. தொடாத."