பூவரசுக்கு உன் பெயர்

என் பிரியத்துக்குரிய மைனிக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதத்தை ஏதாவது நல்ல சேதியோடு தொடங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முடியவில்லை. வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். இங்கே ஒரு மரத்துக்கு உன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நீயும் நானும் பாட்டனி வகுப்பில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு மைனி ஆனாய். நீ அதே கல்லூரியில் பாடம் எடுக்கப் போனாய். நான் தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பலில் வந்து இறங்குகிற பஞ்சுப் பொதியிலும் மரக்கட்டையிலும் பூச்சி பார்க்கிற வேலைக்குப் போனேன். பருத்தி, வெண்டை, துத்தி, செம்பருத்தி, பூவரசு என்று நீ உயிராய் நினைத்த தாவரக் குடும்பத்தின் சரக்குதான் என் வேலையிலும் பாதி. ஆகவே நாம் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு அங்கேதான் போகும். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏளா, வெண்டைக்காயைத் திங்க விடுங்க. அதுக்குச் சாதகம் பாக்காதீய" என்பான். நீ விடமாட்டாய். இலவமரத்தையும் சணலையும் கோகோவையும் புதிய வகைப்பாட்டில் இந்தக் குடும்பத்துக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்த சேதி வந்த அன்று, "கூட்டுக் குடும்பம் ஆயிட்டு பார்வதி, இனி சமையக்கட்டுல சண்டைதான்" என்று நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். துறையில் உன் இடத்தில் பொன்ராஜ் உட்கார்ந்திருக்கிறான். உன் முன்னால் நின்றால் கை தானாகக் கட்டிக்கொள்ளுமே, அவனேதான். போன மாதம் கல்லூரியில் உனக்குப் படத்திறப்பு என்று எங்களை அழைத்தான். அண்ணன் மளிகைக் கடையை அரைநாள் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியில் வந்தான். அவன் கடையைச் சாத்தி நீ பார்த்ததுண்டா?

உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் செம்பருத்தி மாலை. ஐந்து இதழ் இருந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழலாக எழுந்து நிற்பதுதான் இந்தக் குடும்பத்தின் முதல் அடையாளம் என்று வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்தினாயே, அந்தக் குழலே இல்லாத பூவை உன் கழுத்தில் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் செம்பருத்தி பூத்துக் கிடந்தது. பத்தடி நடந்து போய்ப் பறிக்க ஓர் ஆளுக்கு மனசு வரவில்லை.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அதற்கு மேல்தான் பொன்ராஜ் மைக்கைப் பிடித்தான். நம் கடற்கரையில் பூவரசில் புதிய வகை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டானாம். சிவப்பாகப் பூக்கிற பூவரசாம். ஆய்விதழில் கட்டுரை வந்துவிட்டதாம். அந்த வகைக்கு வைத்த லத்தீன் பெயரின் கடைசியில் உன் பெயர். கைதட்டல். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

சிவப்புப் பூவரசு! மைனி, நீ இருந்திருந்தால் அந்த மேடையிலேயே செருப்பைத் தேடியிருப்பாய். பூவரசம்பூ காலையில் மஞ்சளாகப் பூக்கும், பொழுது சாயச் சாயச் சிவக்கும், மறுநாள் இன்னும் கறுத்துச் சிவந்து வதங்கும். இந்த ஊரில் மாடு மேய்க்கிறவர்களிலிருந்து மீன் விற்கிறவர்கள் வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

கட்டுரையை வாங்கிப் படித்தேன். அவன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்று புரிந்தது. வகுப்பு முடிந்த பிறகுதான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தருவைகுளம் பஸ்ஸில் ஏறியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் சாயங்காலம். கையில் கிடைத்ததெல்லாம் சிவப்பு. அதைக் கொண்டுவந்து, நீ காலையில் போய்ச் சேகரித்துக் காயவைத்து, "மலர் மஞ்சள்" என்று எழுதி ஒட்டிய தாள்களோடு வைத்துப் பார்த்து, நிறம் வேறு, ஆகவே வகை வேறு என்று எழுதிவிட்டான். காலையில் எழுந்திருக்கச் சோம்பல்பட்டவனுக்கு ஒரு கண்டுபிடிப்பு.

அறியாமல் செய்தான் என்று நினைத்துத்தான் அவனைப் பார்க்கப் போனேன். அறியாமல் செய்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்கமாட்டேன். அவன் டீ வரவழைத்தான். சிரித்தான்.

"மேடம், பூவரசம்பூ சிவக்கும்னு எனக்குத் தெரியாதா? அதையெல்லாம் பாத்துக்கிட்டிருந்தா பேப்பர் எப்படி எழுத? எனக்கு அடுத்த பதவிக்கு ஒரு கட்டுரை கொறையுது."

"அதுக்கு என் மைனி பேருதான் கெடச்சுதா?"

"கோவப்படாதீங்க. எங்க மேடம் பேருல வந்திருக்கு. அதைத் தப்புன்னு எழுத எவனுக்காவது மனசு வருமா? அண்ணாச்சி எவ்வளவு சந்தோசப்பட்டாங்க, நீங்களே பாத்தீங்கள்லா?"

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பூச்சி அரித்த பொதிகளை இத்தனை வருஷம் பிரித்துப் பார்த்திருக்கிறேன். புழு நெளிகிற பஞ்சைக் கையால் அள்ளியிருக்கிறேன். அன்றைக்கு வந்த அருவருப்பு அப்போதெல்லாம் வந்ததில்லை. செத்துப்போனவளின் பெயரை முன்னால் பிடித்துக்கொண்டால் தன் மேல் அடி விழாது என்று கணக்குப் போட்டிருக்கிறான். அதை மரியாதை என்று வேறு சொல்கிறான்.

புது இனம், புது வகை என்று பேப்பரில் பேர் வரத் துடிப்பவர்களை உனக்குக் கண்டாலே ஆகாது. ஒரு தடவை இரண்டு மாணவிகள் இரண்டு துத்திச் செடிகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்றில் இலை உள்ளங்கை அகலம், ஒன்றில் நகக்கண் அளவு. வேறு வேறு இனம் என்று சாதித்தார்கள். நீ திட்டவில்லை. இரண்டின் விதையையும் ஒரே பாத்தியில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னாய். முளைத்து வந்தபோது எது எது என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. ஒன்று மாப்பிள்ளையூரணி வேலி நிழலில் வளர்ந்தது, ஒன்று உப்பளத்து வரப்பில் காய்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். "பேரு வைக்கதுக்கு முன்னால ஒரு நாள் பூரா அது கூட இருந்து பாருங்கட்டி" என்றாய். அந்த உன்னைத்தான் ஒரு நாள் பூராவும் மரத்தடியில் நிற்காத ஒருவன் மரத்தோடு கட்டிவைத்திருக்கிறான்.

அன்றே மறுப்பு எழுதியிருப்பேன். எழுத விடாமல் தடுத்தது அண்ணன். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறான். பருப்பு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு உன் பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டுகிறான். நீ போன பிறகு அவன் முகத்தில் வெளிச்சம் பார்த்தது அதில்தான். நான் எழுதினால் அந்தச் சட்டம் சுவரை விட்டு இறங்க வேண்டும். எழுதாவிட்டால் ஒரு பொய்க்கு நீ காலமெல்லாம் பெயராக இருப்பாய். எதைச் செய்ய? நீ இருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன்.

கடைசியில் அண்ணனையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என்று முடிவு செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுகிற நேரத்துக்குத் தருவைகுளம் போனோம். கடற்கரைக்குத் திரும்புகிற வளைவில் நிற்கிற அந்தப் பெரிய பூவரசுதான். கட்டுரையில் சொல்லியிருக்கிற மரமும் அதுதான். மரம் முழுக்க மஞ்சள். நடுவில் முந்தின நாள் பூக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிவந்து சுருண்டு தொங்கின. ஒரே கொப்பில் இரண்டு நிறமும் இருந்தன. அடியில் யாரோ பழைய வலையைப் போட்டு வைத்திருந்தார்கள், அதன் மேலெல்லாம் உதிர்ந்த பூ.

எப்படிச் சொல்லத் தொடங்குவது என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கொப்பை வளைத்து ஒரு மஞ்சள் பூவைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்ளா" என்றான்.

"என்ன தெரியும்?"

"பூ ஒண்ணுதான்னு தெரியும். கல்யாணமான புதுசுல அவ என்னை இங்கனதான் கூட்டிட்டு வந்தா. காலைல ஒரு பூவுல செவத்த நூலைக் கட்டிவிட்டா. சாயங்காலம் மறுபடியும் கூட்டிட்டு வந்து அதே பூவைக் காட்டுனா. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போவான்னு நெனச்சேன், இதைக் காட்டுதாளேன்னு எனக்கு எரிச்சல்."

"பின்னே ஏன் பேசாம இருந்த? சட்டம் போட்டு வேற மாட்டியிருக்க."

அவன் கொப்பை விட்டான். கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவ போன பொறவு எவனும் அவ பேரைச் சொல்லலளா. கடைக்கு வாரவன் 'உங்க வீட்டுல இருந்தப்போ'ங்கான். சொந்தக்காரன் 'அந்தப் புள்ள'ங்கான். பேரைச் சொன்னா நான் அழுதுருவேன்னு பயப்படுதாங்க போல. அன்னைக்கு அந்தப் பய மைக்குல செல்வக்கனின்னு சொன்னான் பாத்தியா? முழுசாச் சொன்னான். எனக்கு அது போதும்னு இருந்துச்சு. பொய்யி சொல்லுதான்னு தெரியும். இன்னொரு தடவை சொல்லமாட்டானான்னுதான் உக்காந்திருந்தேன்."

பொன்ராஜின் மேல் இருந்த வெறுப்பு அந்த இடத்தில் இரண்டு மடங்காயிற்று. எவ்வளவு பெரிய பசிக்கு எவ்வளவு கெட்டுப்போன சோற்றைப் போட்டிருக்கிறான் அவன். அவனை விடு, நாங்கள் எல்லோரும் அந்தப் பசியை எப்படிப் பார்க்காமல் இருந்தோம்?

மறுநாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். செடிகளை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைத்திருக்கிற ஹெர்பேரியம் அறைக்கு. அந்த அறையின் வழக்கம் உனக்குச் சொல்லவேண்டியதில்லை, அண்ணனுக்குத்தான் சொன்னேன். ஒரு தாளில் பெயர் தப்பாக இருந்தால் பழைய சீட்டைக் கிழிக்கக்கூடாது, அதன் மேல் ஒட்டி மறைக்கவும் கூடாது. பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டிச் சரியான பெயரை எழுதி, யார் சொல்கிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். தப்பும் திருத்தமும் ஒரே தாளில் இருக்கும்.

பொன்ராஜ் வாசலிலேயே வந்து நின்றான். "மேடம், இது நல்லாயில்ல. செத்தவங்களை அவமானப்படுத்துதீங்க."

"அவளை நான் அவமானப்படுத்துதேனா?" என்று அண்ணன் அவனைப் பார்த்துக் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. பொன்ராஜ் வழிவிட்டான்.

பொன்ராஜ் ஒட்டி வைத்திருந்த தாளை எடுத்தோம். பூ காய்ந்து பழுப்பாகியிருந்தது. சிவப்பு, மஞ்சள் எதுவும் அதில் மிச்சமில்லை. பக்கத்தில் புதுச் சீட்டை ஒட்டி, பூவரசின் பழைய லத்தீன் பெயரையே எழுதினேன். வகைப் பெயர் எதுவும் சேர்க்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் பழைய சீட்டில் இருந்த உன் பெயரைத் தொட்டுப் பார்த்தான். "இது இப்படியே இருக்கட்டும். கடையில உள்ளதை நான் கழட்டிருதேன்" என்றான்.

வெளியே வந்தபோது நடைக்கூடத்துச் சுவரில் இருந்த உன் படத்திலிருந்து அந்தப் பிளாஸ்டிக் மாலையை உருவிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

அந்த இதழுக்கு மறுப்பு எழுதி அனுப்பிவிட்டேன். போடுவார்களோ மாட்டார்களோ தெரியாது. போடாவிட்டால் வேறு இதழுக்கு அனுப்புவேன். அவர்களையும் பொன்ராஜையும் நான் லேசில் விடப்போவதில்லை. அது உனக்கு நான் தரவேண்டிய வாக்கே இல்லை, என் குணம் உனக்குத் தெரியும்.

வாக்கு வேறொன்று. மரத்தடியில் அண்ணன் சொன்னதை வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நீ போன பிறகு நானும் அவன் முன்னால் உன் பெயரைச் சொன்னதில்லை. "மைனி இருந்தா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். முறை தவறக்கூடாதாம். அந்த முறையைத் தூக்கி உடைப்பில் போடு. இனி அவன் சாப்பிட வருகிறபோதெல்லாம் சொல்வேன். செல்வக்கனிக்கு இந்தக் குழம்பு பிடிக்கும், செல்வக்கனி இருந்தால் இந்நேரம் திட்டியிருப்பாள், செல்வக்கனி ஒரு நாளும் வெண்டைக்காயைச் சும்மா தின்றதில்லை என்று சொல்வேன். அவன் அழுதால் அழட்டும். நேற்று ராத்திரி முதல் தடவை சொன்னேன். அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

சொன்னேன், செல்வக்கனி.

உன் பெஞ்சுக்காரியும்
உன் புருஷனின் தங்கச்சியுமான
பார்வதி