புளி உருண்டைக்குள் சாவி

செப்டம்பர் 24, புதன்

இன்றும் முற்றத்தில் பைக் இல்லை. குழித்துறையில் ஒரு சர்க்கரை நோயாளி ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். நான் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன். கொழுந்தன் டெனிஷ் நேற்றே எடுத்துப் போயிருக்கிறான். மதியம் வந்து, "மைனி, வண்டியில பெட்ரோல் இல்ல கேட்டியளா" என்றான். அவன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லேப் மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு நாள் தாமதமானால் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுக்க வேறு ஆள் பார்ப்பாராம்.

செப்டம்பர் 25, வியாழன்

டெனிஷிடம் இருக்கும் சாவியைக் கேட்டேன். அவன் சிரித்தான். பதில் சொன்னது அவன் அம்மா, என் மாமி.

"ஆம்பிளைக்க வண்டிய ஆம்பிளை எடுப்பான். நீ என்னத்துக்குட்டி கெடந்து துள்ளுக?"

சவூதிக்கு, தமாமுக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரர் ஜான்ரோஸ் தம்பி பக்கம்தான். "ஒரு சாவி அவனுக்க கையில கெடக்கட்டு ஸ்மைலின், சண்டை போடாத." அந்த வண்டியை வாங்கிவிட்டு லீவு முடிவதற்குள் நாலு தரம் ஓட்டியிருப்பார். மழையிலும் வெயிலிலும் அதைக் கட்டி மேய்ப்பது நான். சண்டை போடக் கூடாதாம்.

செப்டம்பர் 27, சனி

மாற்றிவிட்டேன். தக்கலையில் வைகுண்டராஜன் கடையில் பூட்டு செட்டையே கழற்றிப் புதிது போட்டாயிற்று. ஸ்டார்ட் செய்யும் பூட்டு, டேங்க் மூடி, சைடு லாக், எல்லாம். இரண்டு சாவி தந்தார். "ரெண்டையும் ஒரே வளையத்துல போட்டுராதீங்க. ஒண்ணு தொலைஞ்சா மத்ததும் கூடவே போயிரும்" என்றார்.

சாயங்காலம் டெனிஷ் பழைய சாவியைப் போட்டுத் திருகினான். எடுத்துத் துடைத்தான், எண்ணெய் விட்டான், மறுபடி திருகினான். நான் அடுக்களை ஜன்னலில் சாயா குடித்துக்கொண்டே பார்த்தேன். நல்ல சாயா.

"மைனி, சாவி திரும்பல்ல."

"திரும்பாது."

செப்டம்பர் 28, ஞாயிறு

நான் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் என் பையைக் குடைந்திருக்கிறான். பீரோவையும். மாமி பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்?

செப்டம்பர் 29, திங்கள்

ஒரு சாவி எப்போதும் என் மேல் இருக்கும். மற்றதை எங்கே வைப்பது? அரிசிப் பானையில் மாமி கை போகும். தலையணைக்குள் அவன் கை போகும். கடைசியில் போன வருடத்துக் கருத்த புளி நினைவு வந்தது. புதுப் புளி வந்தபிறகு அந்தப் பானையை யாரும் திறப்பதில்லை. உள்ளே உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. ஒன்றின் நடுவில் சாவியை அழுத்தி மூடிவிட்டேன். இனி தேடட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று சபையில் அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வரும் விளைச்சலை ஏலம் விடும் நாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஏல மேசையில் வாழைக்குலைக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் நடுவில் எங்கள் பெரிய தட்டம். தட்டத்தில் கருத்த புளி, எல்லா உருண்டைகளையும் சேர்த்துப் பிசைந்து ஒரே உருண்டையாக. மாமியிடம் ஓடினேன்.

"நீங்களா மாமி வச்சிய?"

"பின்ன யாரு? பழைய புளிதான் மருந்துக்கு நல்லது. எவனாவது எடுப்பான்."

காணிக்கையாக வைத்ததைத் திரும்பக் கேட்க முடியுமா? ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். ஏலம் விடும் ரசலையன் அண்ணன் உருண்டையைத் தூக்கிக் காட்டி விலை சொன்னார். நான் கேட்டேன். பின்னால் நின்று டெனிஷ் ஏற்றினான். நான் ஏற்றினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு மறுபடி ஏற்றினான். புளி, சேவலைத் தாண்டி, பெரிய வாழைக்குலையையும் தாண்டிப் போயிற்று. சபை முழுக்கச் சிரிப்பு. என் கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். புளி அவனுக்கு.

வீட்டு முற்றத்திலேயே பிய்த்துப் போட்டான். "வெறும் புளிக்கு மைனி இந்த ஏறு ஏறமாட்டா" என்று சொல்லிச் சொல்லிப் பிய்த்தான். நார் இருந்தது, கொட்டை இருந்தது. சாவி இல்லை.

மாமி அத்தனையையும் பொறுக்கித் தட்டத்தில் போட்டாள். "காசு சபைக்குப் போச்சு. புளி வீட்டுக்கு வந்திச்சு. நல்லதுதான" என்றாள்.

அக்டோபர் 6, திங்கள்

பிசைந்தது மாமி. அப்படியென்றால் சாவி மாமியிடம். இன்று இல்லையென்றால் நாளை பெற்ற மகன் கைக்குப் போகும். முன் சக்கரத்துக்கு நம்பர் பூட்டோடு சங்கிலி வாங்கிவிட்டேன். அம்மாவும் மகனும் என்ன செய்கிறார்கள் பார்ப்போம். நான் கேட்கவே மாட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

மாமியோடு பேச்சில்லை. சோறு போடுகிறாள், தின்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

விடியும்போதே மழை. குழித்துறையில் ஐந்து வீட்டு ரத்தம் எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், கோட்டுப் பையில் சாவி இல்லை. ஓட்டைதான் இருந்தது. ரோடெல்லாம் தண்ணீர், எங்கே தேட? வைகுண்டராஜனுக்குப் போன் செய்தேன். "சாவி இல்லாம மறுபடி செட்டைத்தான் கழத்தணும், மத்தியானம் ஆவும்" என்றார். அதுவரை ஐஸ் தாங்காது, லேபுக்கு நேர் பஸ்ஸும் கிடையாது. ரத்தம் கெட்டால் என் வேலையும் போயிற்று.

வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் செய்தேன். மாமி எடுத்தாள். சொன்னேன். "எங்க நிக்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

டெனிஷ் வருவான், சிரிப்பான், சாவியைத் தரமாட்டான் என்று நினைத்து நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கியது மாமி. முட்டுவலியோடு, சேலை முட்டு வரை நனைந்து. முந்தி முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள். அதன் வெட்டில் கருத்த புளி இன்னும் ஒட்டியிருந்தது.

"ஒரு சாவிய வச்சிருக்க துப்பில்ல உனக்கு."

"டெனிஷ்ட்ட குடுத்து விட்டிருக்கலாமே மாமி?"

"அவனுக்க கையில குடுத்தா அது உனக்க கைக்கு வருமா? நின்னு பேசாத, போ."

பின்னால் ஏறச் சொன்னேன். ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய்ப் பஸ்ஸுக்கு நின்றாள்.

அக்டோபர் 17, வெள்ளி

என் கோபம் முழுக்கத் தீரவில்லை. பீரோவைக் குடைந்தபோது பேசாமல் இருந்தவள்தானே. இருந்தாலும் தக்கலையில் புதுச் சாவி ஒன்று வெட்டி வாங்கினேன். சோறு தின்னும்போது டெனிஷ் பார்க்கவே அதை மாமி முன்னால் வைத்தேன். எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள்.