நாலு மேல்பல்

நாள் 41. காலை 6.10
பேசுபவர்: பேச்சிமுத்து. குரல் பொருத்தம்: நூற்றுக்கு 99

பம்ப் மூன்றும் ஓடுகின்றன. பனி உருகி, தொட்டியில் முக்கால் மட்டம் தண்ணீர் நிற்கிறது. காற்று சுத்தம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

இத்தோடு முடித்துவிடலாம். நிலாவில் ஒரு குழிக்குள் தனியாக இருக்கிறவன் சீக்கிரம் முடித்து எங்கே போகப்போகிறான்? நான் பேசப் பேச இந்தப் பெட்டி அச்சுத் தமிழில் எழுதிக்கொள்கிறது. மேலே தலைப்பில் ஏதோ போடுகிறது. எனக்கு வாசிக்க வராது. பின்னால் கண்டெடுக்கிறவர்கள் வாசித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நான் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். மோட்டார் சத்தம் மாறினால் இரும்புக் கம்பியின் ஒரு முனையை அதன்மேல் வைத்து, மறுமுனையைப் பல்லில் கடித்துக் கேட்பேன். எந்த பேரிங் தேய்ந்தது என்று தாடை சொல்லிவிடும். அந்த வித்தைக்காகத்தான் இங்கே கூட்டிவந்தார்கள். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பு அடிகுழாய்க் கைப்பிடி எகிறி, மேல்வரிசையில் நாலு பல் போய்விட்டது. டாக்டர் ஹெப்சிபா ஆணி வைத்துப் பல் கட்டினார்.

“மேல்தாடை எலும்பு அப்பளம் மாதிரி மெலிசு அண்ணாச்சி. அதுக்கு மேல கன்னத்துக்குள்ள வெறும் பொந்துதான். அங்க எலும்பு வளந்தாத்தான் ஆணி நிக்கும். நிலாவுல எலும்பு தேயும்லா, அதனால எலும்ப வளக்குற தூள்ல கொஞ்சம் வீரியமானதா வைக்கேன்.”

வைத்தார். நின்றது. கல்லையும் கடிக்கலாம் போலிருக்கிறது.

விண்வெளி உடுப்பு இருக்கும் அறைக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு. வெளியே போகவும் உள்ளே வரவும் அது ஒன்றுதான் வழி. எண் பூட்டா, குரல் பூட்டா என்று கேட்டார்கள். எண் என் மண்டையில் நிற்காது, குரலே போதும் என்றேன். கதவு ஒரு சொல் சொல்லும். நான் அதைத் திருப்பிச் சொன்னால் திறக்கும், வேறு குரலுக்குத் திறக்காது. தடவைக்கு ஒரு சொல். நேற்று “வேப்பமரம்” என்றது. அதற்கு வேப்பமரத்தைப் பற்றி என்ன தெரியும்?

நாள் 58. மாலை 5.00
பேசுபவர்: பேச்சிமுத்து. குரல் பொருத்தம்: நூற்றுக்கு 97

இரண்டாம் பம்பில் வாஷர் மாற்றினேன்.

ஒரு ரகசியம். வரும்போது சோற்று டப்பாவில் ஈரத்துணி சுற்றி ஒரு வெற்றிலைக்கொடி கொண்டுவந்தேன். கீரை வளர்க்கும் தட்டில் ஊன்றினேன், படர்ந்துவிட்டது. பாக்கு மடியில் இருந்தது. சுண்ணாம்புக்குத்தான் திண்டாடினேன். பிறகு பார்த்தால், காற்றைச் சுத்தம் பண்ணும் பெட்டியில் பை பையாகச் சுண்ணாம்புத் தூள்! கொஞ்சம் எடுத்து நீரில் குழைத்தேன். முதல் வெற்றிலை போட்டபோது கண் கலங்கியது.

பல் கட்டும்போது டாக்டர் புகையிலை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் இல்லையே. வெற்றிலையை யார் கேட்டது? அதெல்லாம் ஒரு பழக்கமா, சாப்பாடு மாதிரி. புதுப்பல்லுக்கு மேலே, உதட்டுக்குள் அதக்கிக்கொண்டால் அரைநாள் நிற்கிறது.

நாள் 74. காலை 6.30
பேசுபவர்: பேச்சிமுத்து. குரல் பொருத்தம்: நூற்றுக்கு 89

கம்பியைக் கடிக்காமலேயே பம்ப் மூன்றும் தனித்தனியாகக் கேட்கின்றன. முகமே காதாகிவிட்ட மாதிரி. படுத்தால் என் இரத்தம் ஓடுவதும் கேட்கிறது.

என் வீட்டுக்காரி தங்கக்கனியின் செய்தி நேற்று வந்தது.

“ஏங்க, நீங்க அனுப்பிச்சதக் கேட்டேன். யாரோ மாதிரில்லா பேசுதீய? அங்க குளிர்ல சளி பிடிச்சிட்டா? இல்ல, வேற ஆளை விட்டுப் பேசச் சொல்லுதீயளா? நான் கண்டுபிடிச்சிருவேன், பாத்துக்கிடுங்க.”

சிரித்தேன். சிரிக்கும்போது கன்னம் அசையவில்லை.

இன்று கதவு என்னை இரண்டு தடவை சொல்லச் சொன்னது.

நாள் 88. மதியம் 1.15
பேசுபவர்: பேச்சிமுத்து. குரல் பொருத்தம்: நூற்றுக்கு 76

மூக்கின் இடப்பக்கம் அடைத்துவிட்டது. மேலண்ணத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முண்டு. தொட்டால் கல். எக்ஸ்ரே படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினேன்.

“அண்ணாச்சி, அந்தப் பொந்து பூரா அடைஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும். இவ்வளவு கால்சியம் எங்கருந்து வந்துது? என்ன தின்னீங்க? மறைக்காதீங்க.”

சொன்னேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புப் பை, எல்லாம்.

டாக்டர் பதில் அனுப்பினார்.

“அந்தத் தூள் உசுருள்ளது அண்ணாச்சி. சாப்பாட்டுல வார அளவுக்கு வளந்துட்டு அடங்கிரும். நீங்க நேரா அதோட வாயில கொண்டு ஊட்டியிருக்கீங்க. உடனே நிப்பாட்டுங்க. அந்தக் கொடியப் பிடுங்கிப் போடுங்க.”

பிடுங்கினேன். பதினெட்டு இலை இருந்தது. ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை.

நாள் 93. காலை 7.00
பேசுபவர்: பேச்சிமுத்து. குரல் பொருத்தம்: நூற்றுக்கு 71

நிறுத்தியும் நிற்கவில்லை. ஏணியில் இறங்கும்போது முழங்கால் சொடுக்கென்றது. இந்த ஊரில் நான் ஒரு மூட்டை பஞ்சு கனம்கூட இல்லை. அதற்கே எலும்பு கீறிவிட்டது.

“சுண்ணாம்பு கிடைக்கலன்னதும் அது உங்க கால் எலும்பக் கரைச்சு எடுக்குது. மூக்கு முழுசா அடையுறதுக்குள்ள நான் வந்து வெட்டி எடுக்கணும். கப்பல் கிளம்பியாச்சு. ஏழு நாள். வாய் மூடிராமப் பாத்துக்கிடுங்க.”

கால் இளைக்கிறது. முகம் கனக்கிறது. கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கதவு ஐந்தாவது தடவைக்குத்தான் திறந்தது. தண்ணீர் என்று சொல்லச் சொன்னது. சரியாகத்தான் சொன்னேன்.

நாள் 97
பேசுபவர்: பேச்சிமுத்து என்று கருதப்படுகிறது. குரல் பொருத்தம்: நூற்றுக்கு 52

முண்டு இறங்கி நாக்கை [விளங்கவில்லை] கஞ்சி மட்டும். ஊரில் ஒரு தடவை தொட்டிக்குள் குரங்கு விழுந்து [விளங்கவில்லை] மேலே ஏற இடமில்லாமல் சுற்றிச் சுற்றி [விளங்கவில்லை] தங்கக்கனியிடம் சொல்ல [விளங்கவில்லை]

நாள் 99. மாலை 4.40
பேசுபவர்: பேச்சிமுத்து என்று கருதப்படுகிறது. குரல் பொருத்தம்: நூற்றுக்கு 34

கேட்கிறதா? எவ்வளவு தெளிவாகப் பேசுகிறேன் பாருங்கள்!

டாக்டர் கப்பலில் இருந்தபடியே வழி சொன்னார். மரத்துப்போகும் மருந்து தடவி, பைப் ரென்ச்சால் நாலு ஆணியையும் கழற்றினேன். பிறகு அரத்தால் முண்டை அராவினேன். எலும்பு அராவும் சத்தத்தை மண்டைக்குள்ளிருந்து கேட்க வேண்டும், அது யாருக்கும் வேண்டாம். இரத்தம் இங்கே கீழே விழ மனமில்லாதது போல மெதுவாக இறங்குகிறது. ஆனால் நாக்கு விடுபட்டுவிட்டது. தண்ணீர், வேப்பமரம், தங்கக்கனி. எல்லாம் சொல்ல வருகிறது. மூக்கு அடைத்தேதான் இருக்கிறது. தொண்டைப் பக்கமும் எலும்பு இறங்குகிறது போலிருக்கிறது. பரவாயில்லை. நாளை டாக்டர் வந்துவிடுவார். கதவைத் திறந்துவிட வேண்டியதுதான் என் வேலை.

நாள் 100. காலை 9.05
பேசுபவர்: அடையாளம் தெரியாதவர்

வந்துவிட்டார்கள். டாக்டரும் ஓட்டுநரும். அவர்கள் உடுப்பு அறைக்குள் வரும் காலடியைத் தாடையிலேயே கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

“சொல்லவும்: விளக்கு.”

விளக்கு.

“குரல் பொருந்தவில்லை. சொல்லவும்: பசுமாடு.”

பசுமாடு. பசுமாடு.

“குரல் பொருந்தவில்லை.”

சரியாகத்தானே சொல்கிறேன்? நாக்கு திரும்புகிறது, உதடு அசைகிறது. இப்போதுதான் உறைக்கிறது. கன்னத்துப் பொந்தில்தான் என் குரல் இருந்திருக்கிறது. குடத்தைத் தட்டினால் வருகிற சத்தம், குடம் நிறைந்தபின் வருமா?

டாக்டர், கதவை அறுக்கச் சொல்லுங்கள்.

“இந்த அறையில காத்து இல்ல, அறுத்தா உள்ள இருக்க காத்து பூரா போயிரும். யாரு பேசுறது? உள்ள வேற ஆளு இருக்கீங்களா? எங்க அண்ணாச்சி எங்க?”

நான்தான் டாக்டர். பேச்சிமுத்து.

“மூக்கு அடைச்சாலும் அவர் குரல் எனக்குத் தெரியும், இது அவரில்ல. யாருன்னு சொல்லுங்க. அவரை என்ன பண்ணீங்க?”

டாக்டர், நான்தான். நாலு பல். அப்பளம் மாதிரி எலும்பு என்று சொன்னீர்களே. தொண்டையை எலும்பு அடைக்கிறது. தங்கக்கனியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள், அவள் கண்டுபிடித்துவிடுவாள், அவள்

அடையாளம் தெரியாதவரின் பேச்சைப் பதிவு செய்ய அனுமதி இல்லை. பதிவு நிறுத்தப்படுகிறது.