புஷ்பம் கையிலிருந்த வெளிச்சம்

பிப்ரவரி 2, திங்கள்

இன்னைக்கு மெழுகுவர்த்தித் திருநாள். கோயில் வாசல்ல இருக்குற மாதா கெபிகிட்ட பங்குச் சாமியார் முதல் திரியை ஏத்தினார். அதுலயிருந்து ஒருத்தர் கை மாறி ஒருத்தர் கைக்கு வெளிச்சம் வந்தது. எனக்கு முன்னால நின்னது என் ஓரகத்தி புஷ்பம். திரும்பி நீட்டினாள். நான் வாங்கலை.

"ஏனுங்க அக்கா, என் கையால வாங்குனா ஆண்டவர் வெளிச்சம் கருத்துருமாக்கும்?"

"நீ அன்னைக்கு அணைச்சியே, அதைவிடவா?"ன்னு கேட்டேன். நீட்டின கையை இழுத்துக்கிட்டாள்.

என் மகனுக்குச் சின்னதுல வலிப்பு வந்த ராத்திரி அவ ஊட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே எரிஞ்ச லைட் அணைஞ்சது. கதவு திறக்கலை. பையன் பிழைச்சுட்டான். ஆனா அந்த இருட்டு என்னை விட்டுப் போகலை.

எரியாத மெழுகுவர்த்தியோடவே பவனி போய்ட்டு வந்தேன்.

இப்போ அதே மகனோட பொண்ணு, என் பேத்தி, ஆஸ்பத்திரியில பிரசவ வலியில கிடக்குறா. சாயங்காலத்துலயிருந்து போன் இல்லை. கோயில் வெளிச்சத்தை அணையாமக் கொண்டுவந்து ஊட்டுப் பீடத்துல வச்சு ஜெபிக்கிறதுதான் எங்க வழக்கம். தீப்பெட்டியை எடுத்தேன். மனசு ஒப்பலை. இது அந்த வெளிச்சமில்லை.

எதிர் ஊட்டு ஜன்னல்ல, லாந்தருக்குள்ளே, புஷ்பம் கொண்டுவந்தது இன்னும் எரியுது. வெளிச்சம் ஆண்டவரோடது, அவளோடதில்லை. அது எனக்குத் தெரியாமலா? ஆனா தட்ட வேண்டியது அவ கதவை.

வாசல் லைட்டையும் போட்டே வச்சிருக்கா. இவ்வளவு நேரம் போடமாட்டாளே.

வெளியே பனி கொட்டுது. சால்வை எங்கே வச்சேன்?