அண்டாவுக்குத் தேய்மானம்

ஆகஸ்ட் 11
கூழ் ஊத்தின அண்டா ஏழு வந்துச்சு. அடியெல்லாம் காஞ்சு ஒட்டிக்கினு இருந்துச்சு. நான்தான் தேய்ச்சேன், பதினாலு வருசமா தேய்க்கிற மாதிரி. கரியாலூர் வளைவுல வண்டி கவுந்து அவரு போயி நாலு மாசம் ஆச்சு. பந்தல் சாமான் கடை மட்டும் நிக்குது.

சாயங்காலம் கொழுந்தன் இளவரசன் வந்தான். உக்காரலை. "நாலு வருசமா ஒத்த ரூபா சம்பளம் வாங்காம கம்பம் நட்டேன் அண்ணி. கடையில பாதி எனுது"ன்னான். அண்ணன் செத்த வூட்டுல நின்னுக்கினு கேக்குறான். பாதியை எடுத்துட்டா மீதியில இன்னா இருக்கு? பொண்ணு எசைவாணி படிப்பு?

ஆகஸ்ட் 14
கள்ளக்குறிச்சி போனேன். ஆடிட்டர் கொளஞ்சியப்பன் வரச் சொல்லியிருந்தாரு. செத்தவங்க பேருக்கும் வருமானக் கணக்கு காட்டணுமாம். வாரிசு கையெழுத்துப் போடணுமாம்.

வரி வராம இருக்க எதையெல்லாம் செலவுன்னு கழிச்சிருக்காங்கன்னு படிச்சுக் காட்டினாரு. டீசல். கடை வாடகை. கரண்டு. பூசைக்கு எலுமிச்சம்பழம் கூட இருக்கு. அண்டா, நாற்காலிக்குத் தேய்மானம்னு ஒண்ணு. "பொருள் வருசா வருசம் தேயுதில்லம்மா, அதைக் கழிச்சுக்கலாம்"ன்னாரு.

என் கையைப் பாத்தேன்.

அப்புறம் ஒரு ஃபைலைத் திறந்தாரு. தம்பி சம்பளம், மாசம் பதினைஞ்சாயிரம். நாலு வருசம். மாசத்துக்கு ரெண்டு வவுச்சர், எல்லாத்துலயும் இளவரசன் கையெழுத்து. எம் பேரு எந்தத் தாள்லயும் இல்ல.

ஆகஸ்ட் 15
கொடி ஏத்துறதுக்குப் பள்ளிக்கூடத்துக்கு இருவது நாற்காலி போச்சு. வாடகை வாங்கலை. அவரு வாங்க மாட்டாரு.

ஆகஸ்ட் 17
எனக்குத் தெரியும். தெரியாதுன்னு இந்த நோட்டுல எழுத முடியாது.

ஒண்ணாந்தேதியும் பதினைஞ்சாந்தேதியும் ஏழாயிரத்தி ஐநூறு. ஒரே நாள்ல பத்தாயிரத்துக்கு மேல ரொக்கமாக் குடுத்தா செலவுல எடுத்துக்க மாட்டாங்களாம், அதான் ரெண்டு தடவை. "டேய், கையெழுத்துப் போடு"ம்பாரு. அவன் போடுவான். பணத்தை வாங்குவான், அப்படியே திருப்பி அண்ணன் சட்டைப் பையில வெப்பான். ரெண்டு பேரும் சிரிப்பாங்க. டீ குடுத்தது நான். உனக்குத் தனியா ஒரு கடை வெச்சுத் தரேன்டான்னு சொல்லிச் சொல்லியே நாலு வருசம் ஓட்டுனாரு.

போறவரு போயிட்டாரு. பொய்யை என் மடியில கட்டிட்டுப் போயிட்டாரு.

ஆடிட்டர் சொன்னது காதுலயே இருக்கு: "அந்த வவுச்சர் பொய்னு ஆச்சுன்னா நாலு வருசக் கணக்கும் பொய். வரி, வட்டி, அபராதம். அவர் விட்டுட்டுப் போன சொத்துலேருந்து நீங்கதான் கட்டணும்."

ஆகஸ்ட் 24
பெரிய மாமா ராமசாமி வூட்டுல பேச்சு. சொந்தக்காரங்க பத்துப் பேரு. ஆடிட்டர் கிட்ட வாங்கியாந்த சம்பள ஃபைலை எடுத்து முன்னால வெச்சேன்.

பெரிய மாமா கண்ணாடி போட்டுக்கினு ஒவ்வொண்ணாப் புரட்டினாரு. "இது உன் கையெழுத்தா இல்லையாடா?"

"எனுதுதான். அது வரிக்காகப் போட்டது பெரியப்பா! பணத்தை அப்பவே அண்ணன் கிட்ட குடுத்துருவேன். அண்ணிக்கே தெரியும். கேளுங்க."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

"எனக்கு இன்னா தெரியும்? நான் அண்டா கழுவுறவ"ன்னேன்.

அவ்வளவுதான். சம்பளம் வாங்கின ஆளுக்குப் பங்கு கெடையாதுன்னு பெரிய மாமா சொல்லிட்டாரு. இளவரசன் செருப்பைக் கூடப் போடாம போனான். அவன் பொண்டாட்டி பாப்பாத்தி மட்டும் வாசல்ல நின்னு, "பொழைக்கத் தெரிஞ்ச பொம்பளதான் அக்கா நீங்க"ன்னா.

ஆகஸ்ட் 25
சோறு எறங்கலை.

செப்டம்பர் 9
முகூர்த்தம் நாலு நாள். கூலிக்கு வந்த ஆளுங்க நட்ட கம்பம் சாஞ்சு, பொண்ணு வூட்டுக்காரங்க கத்தித் தீத்துட்டாங்க. இளவரசன் நட்டா ஆடாது.

கணக்குல கையெழுத்துப் போட்டேன். இனிமே கடை எம் பேருல. "எனக்கும் மாசச் சம்பளம்னு போடுங்க சார்"ன்னேன். ஆடிட்டர் சிரிச்சுட்டாரு. "முதலாளி தனக்குத் தானே சம்பளம் போட்டு செலவுல கழிக்க முடியாதும்மா. எல்லாம் உங்க லாபந்தானே?"

அப்போ அவரு பொண்டாட்டின்னு எழுதலை. இப்போ முதலாளின்னு எழுத முடியாது. நல்லாத்தான் இருக்கு சட்டம்.

செப்டம்பர் 18
இளவரசன் வூட்டுக்குப் போனேன். பாப்பாத்தி தண்ணி கூடக் குடுக்கலை. சரிதான்.

"வேலைக்கு வா"ன்னேன்.

"கூலிக்கா?"

"கூலிக்குத்தான்."

பாதி தரேன்னு வாய் வரலை. வராது. எனக்குப் பொண்ணு இருக்கு. "அண்ணனும் நீங்களும் ஒண்ணுதான்"ன்னான். நான் எழுந்து வந்துட்டேன்.

அக்டோபர் 1
ஆயுத பூசை. அண்டாவுக்கெல்லாம் பொட்டு வெச்சா எசைவாணி.

போன வாரமே இளவரசன் வேலைக்கு வந்துட்டான். என்கிட்ட பேசறதில்ல. இன்னைக்கு ஒண்ணாந்தேதி. வவுச்சரை நீட்டினேன், கையெழுத்துப் போட்டான். ஏழாயிரத்தி ஐநூறு குடுத்தேன். வாங்கினான். வாங்கின கையோட அப்படியே என் பக்கம் திருப்பி நீட்டினான். பழக்கம்.

நான் கையை முந்தானைக்குள்ள வெச்சுக்கினேன். "உனுதுதான்"ன்னேன்.

பணத்தைப் பிடிச்ச கை கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் தன் பையில வெச்சுக்கினு ஏணியைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

தாளை ஃபைல்ல கோத்தேன். அதுக்கு அடியில பழைய வவுச்சர் தொண்ணூத்தாறு கெடக்கு.